வரையும் கையைப் படமாக்குதல்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் இறுதியாண்டுக்காக நாங்கள் எடுக்கவிருக்கும் குறும்படம் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றியது. கும்பகோணத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் சுபாஷினிக்குக் கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்து ஓவியம் படிக்க வேண்டும் என்று ஆசை. அவளுடைய அப்பா கடைப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதிப் பிழைக்கும் ஆர்ட்டிஸ்ட். ஒன் லைனாகச் சொன்னால் இவ்வளவுதான் கதை. திரைக்கதையை எழுதி முடித்து, இடம் பார்ப்பது, நடிப்பவர்களைத் தேடுவது, ஷாட் பிரிப்பது என்று படப்பிடிப்புக்கு முந்தைய வேலைகளில் இப்போது இருக்கிறோம். இயக்குகிற பொறுப்பு என்னுடையது என்பதால், இதுவரை எடுத்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் ஓரிடத்தில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

எல்லா முடிவுகளும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. கலைஞராக வேண்டும் என்று துடிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிய படத்தில், அந்தப் பிள்ளை தன் வேலையைச் செய்வதைப் பார்வையாளர் கண்ணால் பார்க்க வேண்டும். இன்று வரைந்தது நேற்று வரைந்ததைவிட எந்த வகையில் மேம்பட்டிருக்கிறது என்பது, ஓவியம் தெரியாதவருக்கும் புரிய வேண்டும். ஆசை என்பது முகத்தில் தெரியும் உணர்ச்சி என்று வைத்துக்கொண்டால் க்ளோஸப்பும் வயலின் இசையும் போதும். அது கையில் இருக்கிறது என்று நம்பினால், எழுத்து, நடிகர் தேர்வு, ஒளி, ஒலி, கால அட்டவணை எல்லாமே வேறு மாதிரி திட்டமிடப்பட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட கருவுக்கு முதலில் வந்து நிற்கும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண் ஒளித்து ஒளித்து வரைகிறாள். அப்பா நோட்டைக் கிழிக்கிறார். ஓர் ஆசிரியர் அவளுக்காகப் பேசுகிறார். மாவட்ட அளவிலான போட்டி வருகிறது. அவள் கோப்பையோடு மேடையில் நிற்க, அரங்கத்தின் கடைசி வரிசையில் அப்பா கண்ணைத் துடைக்கிறார். 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ தொடங்கிய பிறகு குறும்படம் எடுக்கும் ஆர்வம் கல்லூரிகளில் பெருகியது. அந்தப் பெருக்கத்தில் இந்த வார்ப்பும் நன்றாக வேரூன்றிவிட்டது. அதில் எனக்குள்ள மனக்குறை இதுதான்: அந்தக் கதையில் நோட்டை எடுத்துவிட்டுக் கிரிக்கெட் மட்டையை வைத்தாலும், சலங்கையை வைத்தாலும், ஒரு காட்சியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அவள் என்ன வரைந்தாள், அதில் எது அவளுக்கு வரவில்லை, எப்படி வந்தது என்பதற்கு அங்கே வேலையே இல்லை. ஓவியம் இல்லாமலே நடந்துவிடக்கூடிய ஓர் ஓவியக் கதை எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கும்பகோணத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அது நான் வளர்ந்த ஊர் என்பது ஒரு காரணம். ஆனால் ஊர் கதையின் எலும்பையே மாற்றிக் கொடுத்தது. சென்னையில் இருக்கும் கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் போன்ற ஓவியர்கள் தலைமை தாங்கிய இடம். ஓவிய ஆசை உள்ள எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் ஒரு கனவாகத்தான் இருக்கும். ஆனால் அரசு கவின் கலைக் கல்லூரி கும்பகோணத்திலும் இருக்கிறது. ஆனந்த விகடன் வாசகர்கள் தலைமுறைகளாகக் கொண்டாடிய கோபுலு ஓவியம் படித்தது கும்பகோணத்தில்தான். பக்கத்தில் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, வெண்கலம் வார்க்கிறார்கள். ஆகவே சுபாஷினி ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. ரயிலேறும் காட்சி இல்லை. பிளாட்பாரத்தில் அம்மா கையசைக்கும் காட்சியும் இல்லை. அவள் சேர விரும்பும் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். தூரத்தையும் பிரிவையும் வைத்துக் கண்ணீர் வரவழைக்கும் வழி அடைபட்டுவிட்டதால், உண்மையில் அவளுக்குத் தடையாக இருப்பது எது என்று நேர்மையாக யோசிக்க வேண்டி வந்தது.

அந்தத் தடை அன்போடு வருகிறது. அவளுடைய மாமா பேருந்து நிலையம் அருகே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுதும் வேலை வரும். சுபாஷினிக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கை வேகமாக வருகிறது. பள்ளி விட்டு வந்து மாலையில் உட்கார்ந்தால் மாதச் சம்பளம் தர மாமா தயாராக இருக்கிறார். வீட்டுக்கு அந்தப் பணம் தேவை. அப்பாவின் தொழிலைச் சுருக்கியதே இந்த ஃப்ளெக்ஸ்தான் என்பது அவருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் இருவருக்கும் இடையில் பகை கிடையாது. யாரும் அவளைத் திட்டுவதில்லை. எல்லோரும் நியாயமானதையே சொல்கிறார்கள். அந்த நியாயங்களைக் கேட்டுக்கொண்டே போனால் அவளுக்கு வரைய ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. திரைக்கதையில் அதிகம் பேசும் காட்சி மாமாவுடையது:

“சிவகுமார் சாரே மெட்ராஸ்ல ஓவியம் படிச்சவருதான். கடைசில சோறு போட்டது சினிமாதானம்மா?”

“அவரு வரைஞ்சதை நீங்க பாத்திருக்கீங்களா மாமா?”

மாமா பதில் சொல்வதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்து, தாத்தாவின் படத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு வரவழைக்க முடியுமா என்று கேட்கிறார். சுபாஷினி மவுஸைப் பிடிக்கிறாள். காட்சி அங்கே முடிகிறது.

ஓவிய ஆசிரியர் பாத்திரத்தை எழுதும்போதும் நடைமுறையை விட்டு விலகக் கூடாது என்று கவனமாக இருந்தோம். 2012இல் தமிழக அரசு பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாட்கள் வேலை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாடம். பிறகு ஊதியம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டே இருந்ததைச் செய்திகளில் பார்த்திருக்கிறோம். எங்கள் படத்தில் வரும் ஓவிய மிஸ் அப்படிப்பட்டவர். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஓவிய வகுப்பே கிடையாது என்பதால், மிஸ் வரும் நாளில் மதிய இடைவேளையில் சாப்பாட்டை முடித்துவிட்டு ஓடிப் போய் நோட்டைக் காட்ட வேண்டும். ஃப்ரீஹேண்ட் லோயர் என்ற தொடக்கநிலை ஓவியத் தேர்வு எழுதி அரசுச் சான்றிதழ் வாங்கியது முதல் அவளை அறிந்த ஒரே ஆசிரியர் அவர். அவருக்குப் பெரிய வசனம் எதுவும் இல்லை. நோட்டைப் பார்த்து, ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, “இது நீ பாத்து வரைஞ்சதா, நெனச்சு வரைஞ்சதா?” என்று கேட்பதோடு அவருடைய பங்கு முடிகிறது. படத்தின் அச்சாணி அந்தக் கேள்விதான்.

அவள் எதை வரைய முயல்கிறாள் என்பதை முடிவு செய்யத்தான் அதிக நாள் பிடித்தது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலை பொதுவாக இருக்கும் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பாதியை மறைத்தால் யானை, மறு பாதியை மறைத்தால் காளை. அதன் எதிரில் உட்கார்ந்து அவள் வரைவதாக எழுதினால் கண்ணுக்கு விருந்தாக இருக்கும். ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள, யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கோயில். உள்ளே படம் எடுக்க முறையான அனுமதியும் கட்டணமும் வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தச் சிற்பியின் மேதைமை நம் பெண்ணின் தடுமாற்றத்தை விழுங்கிவிடும். பார்வையாளர் சிற்பத்தைப் பார்ப்பார், அவளைப் பார்க்க மாட்டார்.

ஆகவே அவள் அப்பாவின் கையை வரைகிறாள். எழுதிக்கொண்டிருக்கும் கை. சுவரில் எழுத்து எழுதுகிறவர்களை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கை தெரியும். வண்ணப் பொடி தடவிய நூலின் இரு முனைகளை இரண்டு பேர் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, நடுவில் நூலை இழுத்து விட்டால் ‘டப்’ என்ற சத்தத்தோடு நேர்க்கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு இடையில்தான் எழுத்து நிற்க வேண்டும். பிறகு இடக் கையில் ஒரு குச்சியைச் சுவரில் சாய்த்து, அதன்மேல் வலக் கை மணிக்கட்டை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘ழ’கரத்தின் வளைவை ஒரே இழுப்பில் இறக்குவார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பே தொழில் பழகிய பெரியவர்களில் சிலர் துதிக்கை வைத்த ‘லை’யை இன்றும் பழைய வடிவத்திலேயே எழுதித் தருவார்கள். எங்கள் படத்தில் சுபாஷினியின் அப்பாவுக்கு வயது அவ்வளவு இல்லை. ஆனால் அவர் தொழில் கற்ற குருநாதர் எழுதிய பழைய பலகை ஒன்று வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். அதில் அந்தப் பழைய ‘லை’ இருக்கும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை.

அந்தக் கையை வரைவதில் உள்ள சிக்கல்தான் எங்கள் கதை. தூரிகை பிடித்த கையைப் பக்கவாட்டில் பார்த்தால் ஓரளவு எளிது. சுவரை ஒட்டி நின்று முன்பக்கமாகப் பார்க்கும்போது ஆள்காட்டி விரல் நம்மை நோக்கி நீள்கிறது. அப்போது அது கண்ணுக்கு நீளமாகத் தெரியாது. நகமும் அதன் பின்னால் ஒரு சிறு மேடும் மட்டுமே தெரியும். ஆனால் விரல் நீளமானது என்று நம் மூளைக்குத் தெரியும் அல்லவா, அதனால் கை அதை நீட்டியே வரைந்துவிடும். வரையக் கற்கும் எல்லோரும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். சுபாஷினியின் முதல் படங்களில் விரல் வாழைப்பூ மடல் மாதிரி நீண்டு கிடக்கும். ஓவிய மிஸ் விரல் வைத்துக் கேட்பது இந்தக் கோட்டைத்தான். பிறகு அவள் இரவில் அப்பா தூங்கும்போது அவருடைய கையை வரைந்து பார்க்கிறாள். அசையாத கை என்பதால் அது நன்றாகவே வருகிறது. வீட்டில் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அவளுக்கு மட்டும் அது போதவில்லை, ஏனென்றால் அது எழுதுகிற கை இல்லை. பார்வையாளருக்கு இந்த இடம் புரிந்துவிட்டால் படம் பிழைத்துவிடும்: பிறர் பாராட்டிய ஒன்றைத் தனக்குப் போதாது என்று ஒரு பதினேழு வயதுப் பெண் தானாகவே ஒதுக்கி வைக்கிறாள். அவளுடைய ஆசை எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தோன்றவில்லை.

இப்படி எழுதிவிட்ட பிறகு, நடிக்கத் தெரிந்த பெண்ணைத் தேடுவதா, வரையத் தெரிந்த பெண்ணைத் தேடுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. முகத்துக்கு ஒருவர், கையின் க்ளோஸப்புக்கு வேறொருவர் என்று எடுப்பது வழக்கத்தில் உள்ள உத்திதான். ஆனால் முகத்திலிருந்து கைக்கும் கையிலிருந்து தாளுக்கும் வெட்டாமல் நகரும் ஷாட்டுகள் எங்களுக்கு வேண்டும். அதனால் வரைகிற பெண்ணையே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்து பள்ளிகளில் கேட்டோம். மிகத் திறமையாக வரைகிறவர் எங்களுக்குப் பயன்பட மாட்டார். கையில் ஓரளவு பழக்கமும், இன்னும் வராத இடங்களும், வரவழைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் உள்ளவர் வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கும் பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால், பன்னிரண்டாம் வகுப்புப் பாத்திரத்துக்குப் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவரைப் பேசி முடித்திருக்கிறோம். அவருடைய அம்மா படப்பிடிப்பு நேரம் முழுவதும் உடன் இருப்பார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகள், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை நடிகர்களை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. எங்கள் நடிகை அந்த வயதைக் கடந்தவர். ஆயினும் அந்த வரம்பையே எங்கள் கால் ஷீட்டுக்கும் வைத்துக்கொண்டோம். மாணவர் படம் என்பதற்காக விடிய விடிய எடுப்பதைப் பெருமையாகப் பேசும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

அப்பாவாக நடிக்கப்போவது தொழில்முறை போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவரே. அந்த மணிக்கட்டையும் மூச்சையும் எந்த நடிகராலும் சில நாளில் கற்றுக்கொள்ள முடியாது. அவருக்கு நாள் கூலி கொடுக்கிறோம். எங்களுக்காக வரும் நாளில் அவர் ஒரு சுவரை இழக்கிறார். சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் அடுத்தபடியாகப் பட்ஜெட்டில் பெரிய தொகை இதுதான். லென்ஸ் வாடகையைக் குறைத்து அந்தப் பணத்தை இங்கே திருப்பினோம். ஒளிப்பதிவு செய்யும் நண்பர் முதலில் தயங்கினார். அந்தக் கையை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு அவரே லென்ஸ் பட்டியலைச் சுருக்கிக் கொடுத்தார்.

ஓவியம் வரைவதைப் படமெடுப்பதில் ரீடேக் ஒரு பெரிய தலைவலி. ஒருவர் தண்ணீர் குடிக்கும் காட்சி சரியாக வரவில்லை என்றால் டம்ளரை மறுபடி நிரப்பலாம். வரைந்த கோட்டைத் திரும்ப எடுக்க முடியாது; அழித்தால் தாளில் தடம் தெரியும். இதற்காக ஒவ்வொரு படத்தையும் அதன் நிலைகளாகப் பிரித்திருக்கிறோம்: வெறும் தாள், சுற்றுக்கோடு மட்டும், விரல்கள் பிரிந்த நிலை, நிழல் தொடங்கிய நிலை. ஒவ்வொரு நிலையிலும் பல பிரதிகளை நடிகையே முன்கூட்டி வரைந்து வைப்பார். பின்பக்கத்தில் காட்சி எண்ணும் நிலையும் பென்சிலால் குறிக்கப்பட்டு, கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி, பார்க்கும் தோழியின் பொறுப்பில் ஒரே ஃபைலில் இருக்கும். சுவரில் எழுதும் காட்சிக்கு இந்த வழியும் இல்லை. எனாமல் பெயின்ட் காயவே பல மணி நேரம் ஆகும். காய்ந்தபின் மறுபடி வெள்ளையடித்துத்தான் எழுத முடியும். ஆகவே அதை இரண்டு கேமராக்களை வைத்து ஒரே மூச்சில் எடுத்துவிடுவோம். ஒரு கேமரா அவர் கையில், மற்றொன்று சற்றுத் தள்ளி உட்கார்ந்து வரையும் அவளிடம். இருவரும் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருப்பார்கள்; நான் குறுக்கிட மாட்டேன்.

படத்தை ஒரே வாரத்தில் எடுத்து முடிக்கும் திட்டத்தையும் இதனாலேயே கைவிட்டோம். ஜூலை முதல் நவம்பர் வரை, மாதத்துக்கு ஒரு வார இறுதி, கதை நடக்கும் வரிசையிலேயே எடுக்கிறோம். இடையில் காலாண்டுத் தேர்வு வரும். அந்த மாதம் நடிகைக்கு விடுமுறை. இந்த மாதங்களில் நடிகை பயிற்சி செய்துகொண்டே இருப்பார் என்பதால், படத்தில் தெரியும் முன்னேற்றம் அவருடைய சொந்த முன்னேற்றமாக இருக்கும். தலைமுடி நீளம் மாறும், யூனிஃபார்ம் சற்று வெளிறும். கதையிலும் காலம் நகர்வதால் அவையெல்லாம் எங்களுக்குச் சாதகமே. ஐப்பசி மழையில் சுவர் வேலை நடக்காது. அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகள் அந்த மாதத்தில்தான் வருகின்றன.

ஒளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பகல் காட்சிகளுக்கு வடக்குப் பார்த்த திண்ணை ஒன்று கிடைத்திருக்கிறது. நேர் வெயில் விழாததால் தாளின் வெண்மை எரியாது. இரவில் வீட்டு டியூப்லைட்டையே பயன்படுத்துகிறோம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தாலும் கேமராவின் ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் விளக்கின் துடிப்பு பதிவில் தெரியாது. மலிவான எல்.இ.டி. பல்புகள் அப்படியும் ஏமாற்றலாம். ஒவ்வொரு விளக்கையும் முதலில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்போம்.

ஒலிக்குத்தான் எங்கள் குழுவில் பெரிய விவாதம் நடந்தது. பின்னணி இசை வேண்டாம் என்பது என் கருத்து. பென்சில் தாளில் உரசும் ஓசை, சரியாக வராத கோட்டை ரப்பர் தேய்க்கும் ஓசை, நூல் சுவரில் அடிக்கும் ஓசை, மாமா கடையில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் இயந்திரம் இடமும் வலமும் ஓடும் இரைச்சல் ஆகியவை படத்துக்குப் போதும். மென்மையான 2பி பென்சில் சொரசொரப்பான தாளில் ஓடும்போது எழும் ஓசை வேறு, சாதாரண ஹெச்பி பென்சில் வழவழப்பான நோட்டில் ஓடும்போது எழுவது வேறு. அவள் பள்ளி நோட்டிலிருந்து நல்ல தாளுக்கு மாறுவதைக் காதே சொல்லிவிடும். படப்பிடிப்பில் ஃபேனை நிறுத்தினாலும் தெருவை நிறுத்த முடியாது என்பதால், இந்த ஓசைகளைத் தனியாக ஓர் அறையில் மறுபடி பதிவு செய்து சேர்ப்போம். எடிட்டிங் செய்யும் நண்பருக்கு ஓரிடத்திலாவது இசை வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. காட்சிகளை முதன்முறையாகக் கோத்த ரஃப் கட்டைப் பார்த்த பிறகு அதைப் பேசுவது என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

படம் பன்னிரண்டு நிமிடம். அதில் கணிசமான நேரம் ஒரு பெண் பேசாமல் வரைந்துகொண்டிருப்பாள். பார்க்கிறவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள் என்று எங்கள் துறைப் பேராசிரியர் எச்சரித்தார், அது நியாயமான கவலை. எங்கள் விடை, ஒவ்வொரு வரையும் காட்சிக்கும் ஒரு கேள்வி இருக்க வேண்டும் என்பது: முதல் காட்சியில் விரல் ஏன் நீண்டு போகிறது, அடுத்ததில் எதைப் பார்க்கிறாள், அதற்கடுத்ததில் நேரம் கிடைக்குமா, கடைசியில் கை நிற்காதபோது எப்படிப் பிடிப்பாள். கேள்வி இல்லாத காட்சிகளை ஸ்கிரிப்டிலிருந்து ஏற்கனவே எடுத்தாயிற்று. மழையில் அவள் மொட்டை மாடியில் நிற்பது அப்படிப் போன ஒன்று. அழகான காட்சிதான், ஆனால் கதைக்கு அதனிடம் கேட்க எதுவும் இல்லை.

மிச்சமிருக்கும் முடிவு, நவம்பரில் நடிகை வரையப்போகும் கடைசிப் படத்தைப் பற்றியது. அது நன்றாக வராவிட்டால் என்ன செய்வது? தேர்ந்த ஓவியர் ஒருவரிடம் வரைந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தது, ஏற்கவில்லை. நடிகை அன்று வரைவது எதுவோ அதுவே படத்தில் வரும். குட்டையான விரல் சரியாக விழுந்துவிட்டால் அவள் நோட்டை மூடிவிட்டு அப்பாவுக்கு அடுத்த எழுத்துக்கான நூலைப் பிடிக்கப் போகிறாள். விழாவிட்டால் தாளைத் திருப்பி இன்னொன்றைத் தொடங்குகிறாள். இரண்டுக்கும் ஷாட் லிஸ்ட் எழுதி வைத்திருக்கிறோம். கல்லூரி விண்ணப்பம் இரண்டிலுமே அவளுடைய பையில் இருக்கும். சேர்க்கை கிடைத்ததா என்பதைப் படம் சொல்லாது. இந்த வாரம் செய்ய வேண்டியது, சுவர் தரச் சம்மதித்த அரிசி மண்டி உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்குவதும், வெள்ளையடிக்க ஆள் சொல்வதும்.